மனச்சோர்வு நீங்கினாலும் மறதி ஏன் உடனே நீங்குவதில்லை

விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் கரும்பு போடுகிற விவசாயிக்குப் பெரிய வருமானம் வருஷத்துக்கு ஒரு தடவைதான். ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்து, கரும்பு வெட்டி, பணம் கைக்கு வந்தால் கொஞ்ச நாள் மூச்சு விடலாம். அதற்கு முந்தைய மாதங்களில் நகை அடகுக்கடையில் இருக்கும், கைமாற்று ஏறிக்கொண்டே போகும். இந்த இரண்டு காலங்களிலும் ஒரே மனிதரின் மூளை ஒரே மாதிரி வேலை செய்கிறதா என்று ஓர் ஆய்வுக் குழு அங்கே பார்த்தது. 54 கிராமங்களில் 464 விவசாயிகள். முடிவுகள் 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியாயின.

வைத்த பரீட்சைகளில் ஒன்று மிக எளிமையானது. ‘5 5 5’ என்று காட்டுவார்கள். எத்தனை எண்கள் இருக்கின்றன என்று சட்டென்று சொல்ல வேண்டும். விடை மூன்று. ஆனால் கண்ணில் படுவது ஐந்து என்பதால் வாய் ‘ஐந்து’ என்று சொல்லத் துடிக்கும். அதை அடக்கிக்கொண்டு ‘மூன்று’ என்று சொல்வதற்குக் கவனம் தேவை. அறுவடைக்கு முன்பு அவர்கள் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள், தவறுகளும் கூடுதல். பணம் வந்த பிறகு அதே ஆட்கள் அதே சோதனையை இன்னும் நன்றாகச் செய்தார்கள். படிப்பு மாறவில்லை, ஆள் மாறவில்லை. அறுவடைக்கு முன் ஏதாவது அடகு வைத்திருந்தவர்கள் 78 சதவீதம், பின்பு 4 சதவீதம். பெரிதாக மாறியது அதுதான். ஆய்வின் கணக்கீட்டு முறையைப் பற்றி வேறு ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பினார்கள், விவாதமும் நடந்தது. என்றாலும் கவலை கவனத்தைத் தின்னும் என்பதை நம்மூர் வயல்காட்டிலேயே அளந்து பார்த்த ஆய்வு என்பதால் இதை முதலில் சொல்கிறேன்.

கடன் கவலை ஒன்றே இவ்வளவு செய்யுமென்றால், காலையில் கண் விழித்ததிலிருந்து இரவு வரை ஆளை அழுத்துகிற மனச்சோர்வு எவ்வளவு செய்யும்? டிப்ரெஷனில் இருப்பவர்கள் சொல்வதைக் கேட்டால் அழுகை, தூக்கமின்மைக்கு அடுத்தபடியாக வருவது இதுதான். ‘எதுவும் நெஞ்சில் நிற்கவில்லை.’ ‘படித்ததையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன், மண்டையில் ஏறவில்லை.’ ‘நேற்று யாரிடம் பேசினேன் என்பதே நினைவில்லை.’ இது தற்செயலாகச் சேர்ந்த தொந்தரவு இல்லை. டிப்ரெஷனைக் கண்டறிய மருத்துவர்கள் பார்க்கிற 9 அறிகுறிகளில், யோசிக்கவும் கவனம் செலுத்தவும் முடியாமல் போவதும் ஒன்று. உலகம் முழுக்கப் பயன்படுகிற ஒன்பது கேள்விப் படிவத்தில், செய்தித்தாள் படிக்கும்போதோ டிவி பார்க்கும்போதோ கவனம் நிற்கிறதா என்றே நேராகக் கேட்கிறார்கள். 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 20 பேரில் ஒருவர் வாழ்க்கையில் எப்போதாவது டிப்ரெஷனைச் சந்திக்கிறார். அத்தனை பேரின் வீட்டிலும் பால் பொங்கி வழிந்திருக்கும், ஏதோ ஒரு பில் கட்டாமல் விட்டுப்போயிருக்கும். அதை நோயின் பகுதி என்று எத்தனை வீட்டில் புரிந்துகொண்டிருப்பார்கள்?

ஒரு விஷயம் நினைவில் நிற்க மூன்று வேலைகள் நடக்க வேண்டும். முதலில் அது பதிய வேண்டும். அப்புறம் கெட்டிப்பட வேண்டும். பிறகு தேவையானபோது வெளியே வர வேண்டும். மனச்சோர்வில் அதிகம் அடி வாங்குவது முதல் வேலை.

நாம் ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடியது மிகக் கொஞ்சம். அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் ஏழு விஷயங்கள், கூடக் குறைய இரண்டு என்றார். 2001-இல் நெல்சன் கோவன், உண்மையில் நான்குதான் என்று வாதிட்டார். இருப்பதே நான்கு இடம். டிப்ரெஷனில் மனம் நடந்ததையே அசைபோடுகிறது. ‘நான் அன்றைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது’, ‘எல்லாருக்கும் பாரமாகிவிட்டேன்’ என்று ஓயாமல் ஓடுகிற அந்தப் பேச்சு, இரண்டு மூன்று இடத்தை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்கிறது. மிச்சமிருக்கும் ஓரிரு இடத்தில்தான் மனைவி சொன்ன மளிகைச் சாமான், மேலாளர் சொன்ன தேதி, கேஸ் அடுப்பை அணைத்தோமா என்பதெல்லாம் வந்து நிற்க வேண்டும். வந்தது பதியாமலே போய்விடுகிறது. சாயங்காலம் அதைத் தேடுவது, அலமாரியில் வைக்கவே வைக்காத சாவியை அங்கே தேடுவது போலத்தான். சாவி தொலையவில்லை, உள்ளே போகவே இல்லை.

இந்த வித்தியாசம் முக்கியம். மறந்துவிட்டேன் என்று ஒருவர் பயப்படும்போது, மூளையில் இருந்தது அழிந்துவிட்டது என்றுதான் அவர் நினைக்கிறார். பெரும்பாலும் எதுவும் அழிவதில்லை.

உடலின் பங்கும் உண்டு. நெருக்கடி வந்தால் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பி கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது கொஞ்ச நேரத்துக்கு வந்து போனால் நல்லது. நாட்கணக்கில் ஓயாமல் சுரந்தால் கஷ்டம். 1968-இல் புரூஸ் மெக்கீவன் என்ற விஞ்ஞானி, எலியின் உடலில் சுரக்கிற இதே வகை ஹார்மோன் மூளையில் குறிப்பாக ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் போய் ஒட்டிக்கொள்வதைக் கண்டார். காதுக்கு உள்பக்கமாக, இரு புறமும் இருக்கிற அந்தச் சின்னப் பகுதிதான் புது நினைவுகளை உருவாக்குகிறது. தொடர்ந்து அழுத்தத்தில் வைக்கப்பட்ட எலிகளுக்கு அங்கே நரம்பு செல்களின் கிளைகள் சுருங்கின. அழுத்தத்தை நிறுத்தியதும் கிளைகள் திரும்ப வளர்ந்தன. மனிதர்களிடமும், 1996-இல் ஈவெட் ஷெலின் குழு, பலமுறை டிப்ரெஷன் வந்துபோன பெண்களுக்கு ஹிப்போகேம்பஸ் சற்றுச் சிறியதாக இருப்பதை ஸ்கேனில் பார்த்தது. சிறியதாக இருப்பது நோயின் விளைவா, அல்லது முன்பே அப்படி இருந்தவர்களுக்கு நோய் எளிதாக வருகிறதா என்ற கேள்வி தீரவில்லை. ‘டிப்ரெஷன் வந்தால் மூளை சுருங்கிவிடும்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற வரியைப் பார்த்து நடுங்க வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

கார்ட்டிசால் இன்னொன்றும் செய்கிறது. பதிந்து கிடப்பதையும் தற்காலிகமாக வெளியே வரவிடாமல் தடுக்கிறது. 2000-இல் வந்த ஒரு சுவிஸ் ஆய்வில், முந்தைய நாள் வார்த்தைகளை மனப்பாடம் செய்தவர்களுக்கு, சோதனைக்கு ஒரு மணி நேரம் முன்பு, உடலில் கார்ட்டிசாலாக மாறுகிற கார்ட்டிசோன் மாத்திரை கொடுத்தார்கள். அவர்களால் குறைவாகத்தான் நினைவுகூர முடிந்தது. இன்டர்வியூவில் நன்றாகத் தெரிந்த பதில் வராமல், வெளியே வந்து டீ குடிக்கும்போது கடகடவென்று வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதையெல்லாம்விட நம் வீடுகளில் அதிகம் பேச வேண்டிய ஒரு மறதி இருக்கிறது. 1986-இல் மார்க் வில்லியம்ஸ் இங்கிலாந்தில் சில நோயாளிகளிடம் ஒரு வார்த்தையைச் சொல்லி, அது தொடர்பாக வாழ்க்கையில் நடந்த ஒரு குறிப்பிட்ட சம்பவத்தைச் சொல்லச் சொன்னார். அவர்கள் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று காப்பாற்றப்பட்டவர்கள். ‘சந்தோஷம்’ என்று சொன்னால், மற்றவர்கள் ‘போன தீபாவளிக்கு அண்ணன் வீட்டு மொட்டை மாடியில்’ என்கிற மாதிரி ஒரு நாளை, ஓர் இடத்தைச் சொல்வார்கள். இவர்களோ ‘ஊருக்குப் போனால் நன்றாக இருக்கும்’ என்பதுபோலப் பொதுவாகச் சொல்லி நின்றுவிட்டார்கள். நாள் வரவில்லை, முகம் வரவில்லை. பிறகு டிப்ரெஷன் உள்ளவர்களிடமும் இதே போக்கைப் பல ஆய்வுகள் பார்த்தன. 1982-இல் வேறொரு ஆய்வு: டிப்ரெஷன் நோயாளிகளையே நாளின் இரண்டு வேளைகளில், மனம் மிகவும் கீழே கிடக்கும் வேளையிலும் சற்றுத் தேவலை என்கிற வேளையிலும் சோதித்தார்கள். கீழே கிடக்கும் வேளையில் துக்கமான நினைவுகளே அதிகம் வந்தன. ஆள் ஒருவர், நாள் ஒன்று, ஆனால் கைக்கு எட்டுகிற கடந்தகாலம் வேறு.

இதைப் படித்த பிறகு ‘நல்லதையே நினைச்சுப் பாரும்மா’ என்ற வீட்டு அறிவுரையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. சொல்கிறவர் அன்போடுதான் சொல்கிறார். ஆனால் எந்தத் திறன் நோயால் முடங்கிக் கிடக்கிறதோ அதையே செய்யச் சொல்கிறார். நினைத்துப் பார்க்க முயன்று, எதுவும் வராமல், ‘என் வாழ்க்கையில் நல்லதே நடக்கவில்லை போல’ என்ற முடிவுக்கு நோயில் இருப்பவர் வந்துவிடுவார். அதைவிட நாம் எடுத்துக் கொடுக்கலாம். ‘அந்தக் குற்றாலம் போனப்போ ஐந்தருவியில் உன் செருப்பு அடித்துக்கொண்டு போனதே, அப்புறம் அத்தை தன்னோடதைக் கழட்டிக் கொடுத்தாங்களே’ என்று ஆள், இடம், பொருளோடு பேசினால் பல சமயம் அவர்களாகவே அடுத்த வரியைச் சொல்வார்கள். போட்டோ ஆல்பம் உதவும். இப்படிக் குறிப்பான சம்பவங்களை நினைவுகூரப் பழக்குவதையே ஒரு பயிற்சியாக 2009-இல் பெல்ஜியத்தில் ஃபிலிப் ரேஸ் குழு சோதித்துப் பார்த்தது; பயிற்சி பெற்றவர்களின் நினைவுகள் கூடுதல் தெளிவோடு வந்தன.

இனி, யாரும் முன்கூட்டிச் சொல்லாத பகுதிக்கு வருகிறேன். சிகிச்சை பலித்து, அழுகை நின்று, தூக்கம் வந்து, பசி திரும்பி, மருத்துவரும் ‘நல்லாயிட்டீங்க’ என்று சொன்ன பிறகும் மறதி பாதி நிற்கும். 2014-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், மனநிலை சரியானவர்களிலும் கவனமும் திட்டமிட்டுச் செய்யும் திறனும் முழுதாகத் திரும்பவில்லை என்று கண்டார்கள். எல்லாருக்கும் அப்படியில்லை, ஆனால் நிறையப் பேருக்கு.

எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை நீண்ட விடுப்புக்குப் பிறகு ஜூன் மாதம் பள்ளிக்குத் திரும்பினார். பாடம் நடத்துவதில் சிரமமே இல்லை, பல வருஷப் பழக்கம் கை கொடுத்தது. சிக்கியது மதிப்பெண் ஏற்றுவதில். விடைத்தாளில் 67 என்று பார்ப்பார். கண் தாளிலிருந்து கணினித் திரைக்குப் போவதற்குள் எண் போய்விடும். மறுபடி தாளைப் பார்த்தால் எந்த வரி என்று தெரியாது. ஒரு வகுப்புக்கு மதியம் முழுக்க ஆகும். நோய் திரும்பிவிட்டதோ, இல்லை இது வேறு பெரிய நோயின் தொடக்கமோ என்று இரண்டு பயமும் பிடித்துக்கொண்டன. அந்தப் பயத்திலேயே தூக்கம் கெட்டது. கடைசியில் அவருக்கு உதவியது ரொம்பச் சாதாரணமான ஏற்பாடு. தாளில் வரிக்குக் கீழே ஸ்கேல் வைத்துக்கொண்டார், எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தார், முடியாத நாளில் பக்கத்து ஆசிரியை வாசிக்க இவர் ஏற்றினார். மாதங்கள் போகப்போக ஸ்கேல் தேவைப்படவில்லை. ‘மனசு முதல்ல சரியாகும், கவனம் பின்னாடி மெதுவாத்தான் வரும்’ என்று ஆரம்பத்திலேயே யாராவது ஒரு வரி சொல்லியிருந்தால் அந்தப் பயம் மிச்சமாகியிருக்கும். மருத்துவர்கள் ஒவ்வொரு நோயாளியிடமும் இந்த ஒரு வரியைச் சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

சரி, எல்லா மறதியும் மனச்சோர்வால்தானா? இல்லை. தைராய்டு குறைந்தால் சோர்வும் மறதியும் சேர்ந்தே வரும். வைட்டமின் பி12 குறைந்தாலும் அப்படியே. நம்மூரில் சுத்த சைவம் சாப்பிடுபவர்களிடம் இது அதிகம், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நீண்ட நாள் எடுப்பவர்களிடமும் உண்டு. இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை போதும். குறட்டையும் மூச்சுத் திணறலுமாகத் தூங்குபவருக்கு இரவெல்லாம் தூக்கம் கலைந்துகொண்டே இருக்கும். பகலில் படித்தது கெட்டிப்படுவதில் ஆழ்ந்த தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பதால் மறதி வரலாம். குடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மாத்திரைகளையும் பார்க்க வேண்டும். பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரப்படும் அல்பிரசோலம், குளோனசெபம், லோராசெபம் ஆகியவை புதுசாகப் பதிவதைக் குறைக்கும். பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கி, மாதக்கணக்கில் விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அமிட்ரிப்டிலின் போன்ற பழைய வகை மனச்சோர்வு மருந்துகளும் வயதானவர்களுக்கு மறதியைக் கூட்டலாம். அதற்காகப் படக்கென்று நிறுத்திவிடக் கூடாது. முதலில் சொன்ன வகையைத் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். வாயால் சொல்லும் பட்டியலில் எப்போதும் ஒன்று விட்டுப்போகும்.

‘கரண்ட் வைக்கிறது’ என்று பயந்து பேசப்படும் மின் சிகிச்சை, கடுமையான டிப்ரெஷனுக்கு நல்ல பலன் தருவது. 2017 மனநலச் சட்டத்தின்படி மயக்க மருந்து இல்லாமல் அதைக் கொடுக்கக் கூடாது. சிகிச்சை முடிந்த முதல் சில நாட்களுக்குப் புது விஷயங்கள் நிற்காது. அநேகமாக இரண்டு வாரத்துக்குள் அது சரியாகிவிடுகிறது என்று 2010-இல் வந்த பெரிய தொகுப்பாய்வு காட்டியது. ஆனால் சிகிச்சை நடந்த வாரங்களின் நினைவுகளும், சிலருக்கு அதற்கு முந்தைய மாதங்களின் நினைவுகளும் திரும்பாமலே போகலாம். இதை மறைக்காமல் முன்பே சொல்லிச் சம்மதம் வாங்குவதுதான் நியாயம்.

அப்பா, அம்மா வயதில் இருப்பவர்களுக்கு மறதி வந்தால் எல்லாருக்கும் டிமென்ஷியா என்கிற மறதி நோயின் பயம் வருகிறது. மனச்சோர்வே டிமென்ஷியா வேஷம் போடுவதை 1961-இலேயே லெஸ்லி கிலோ என்ற மருத்துவர் விளக்கி எழுதினார். மனச்சோர்வில் இருப்பவர் தன் மறதியைப் பற்றி விலாவாரியாகப் புலம்புவார், எந்த மாதத்திலிருந்து என்றும் சொல்வார், கேள்வி கேட்டால் ‘தெரியலைப்பா’ என்று விட்டுவிடுவார், கொஞ்சம் குறிப்புக் கொடுத்தால் விடை வரும். டிமென்ஷியா என்றால் பெரும்பாலும் வீட்டார்தான் கவலைப்படுவார்கள், அவர் மழுப்புவார், குறிப்புக் கொடுத்தாலும் வராது. இது ஒரு வழிகாட்டிதான், வீட்டிலேயே தீர்ப்பு எழுத அல்ல. முதுமையில் வரும் மனச்சோர்வுக்குப் பின்னால் சிலருக்கு டிமென்ஷியா வருவதும் உண்டு, ஆகவே சரியான பிறகும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். பழகிய தெருவில் வழி தவறுவது, சில மணி நேரத்தில் திடீரென்று குழம்பிப்போவது, பேச்சு குழறுவது என்றால் காத்திருக்கவே கூடாது.

அன்றாடத்தைச் சமாளிக்க என் முதல் யோசனை, மூளையை நம்பிச் சுமையை ஏற்றாதீர்கள் என்பதுதான். ஒரே ஒரு சிறு நோட்டு, சட்டைப் பையிலோ கைப்பையிலோ எப்போதும். இரண்டு நோட்டு வைத்தால் எதில் எழுதினோம் என்பது புதுப் பிரச்சினையாகிவிடும். சாவி, மூக்குக் கண்ணாடி, போன் மூன்றுக்கும் வாசலுக்கருகே ஒரே இடம். மாத்திரைக்குக் கிழமை போட்ட டப்பா. சாப்பிட்டோமா இல்லையா என்ற சந்தேகத்தில் இரண்டாம் முறை விழுங்குவதை அது தடுக்கும். பூட்டும்போது ‘பூட்டிட்டேன், செவ்வாய்க்கிழமை’ என்று வாய்விட்டுச் சொன்னால் அந்தக் கணம் பதிகிறது. ‘மாத்திரை போட வேண்டும்’ என்று பொதுவாக நினைப்பதைவிட, ‘ராத்திரி பல் தேய்த்ததும் மாத்திரை’ என்று செய்கிற ஒரு செயலோடு கட்டிப்போட்டால் மறப்பது குறைகிறது. பீட்டர் கோல்விட்சர் போன்ற உளவியலாளர்கள் இதைப் பலமுறை சோதித்திருக்கிறார்கள். படிக்கிற பிள்ளைகள் பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, மூடி வைத்துவிட்டு எழுதிப் பார்க்கட்டும். வீடு விற்பது, வேலையை விடுவது போன்ற முடிவுகளைத் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள்.

நடையை நான் அழுத்திச் சொல்வேன். 2011-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 120 முதியவர்களில் பாதிப்பேர் ஒரு வருஷம் வேகமாக நடந்தார்கள். அவர்களுடைய ஹிப்போகேம்பஸின் அளவு ஏறத்தாழ 2 சதவீதம் கூடியது. வெறும் நீட்டிமடக்கும் பயிற்சி செய்தவர்களுக்குக் குறைந்தது. அவர்கள் மனச்சோர்வு நோயாளிகள் அல்ல, ஆனாலும் அந்தப் பகுதி வளரக்கூடியது என்பது பெரிய செய்தி. வல்லாரைத் துவையலைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். அதை நம்பி மனச்சோர்வு மாத்திரையை நிறுத்துவதும், ஞாபக சக்தி டானிக் வாங்கிக் காசைக் கரைப்பதும் வேண்டாம்.

வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடாதது ஒன்று: பரீட்சை வைப்பது. ‘நேத்து என்ன சாப்பிட்டே சொல்லு பார்ப்போம்’ என்பதும், ‘இதுகூடவா மறந்துபோச்சு, அக்கறை இருந்தா மறக்குமா?’ என்பதும் பதற்றத்தைத்தான் கூட்டும். ஒரு நேரத்தில் ஒரு விஷயம் சொல்லுங்கள், டிவியை அணைத்துவிட்டுச் சொல்லுங்கள், முக்கியமானதென்றால் எழுதிக் கொடுங்கள்.

உதவி எங்கே என்றால், மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் எண்ணான 14416-இல் தமிழிலேயே, நாளின் எந்த நேரத்திலும், இலவசமாகப் பேசலாம். இலங்கையில் கூப்பிட வேண்டிய எண் 1926. வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் மறதியைப் பற்றி யோசிக்காமல் அன்றைக்கே கூப்பிடுங்கள். மனநிலை தேறிச் சில மாதம் ஆகியும் கவனம் வேலைக்கு இடைஞ்சலாகவே இருந்தால், மருத்துவரிடம் மூன்றைக் கேளுங்கள்: டிப்ரெஷன் முழுதாகப் போய்விட்டதா, மருந்தின் அளவில் மாற்றம் தேவையா, மருத்துவ உளவியலாளரிடம் நினைவுச் சோதனை செய்துகொள்ளலாமா. போகும் முன் இந்தக் கேள்விகளை அந்த நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள், பதிலையும் அங்கேயே எழுதி வாங்குங்கள். முடிந்தால் கூட ஒருவரை அழைத்துப் போவது நல்லது. மருத்துவர் சொல்கிற இரண்டாவது பாதி அவர் காதிலாவது விழும்.